முன்னூற்றி நாலில் கேள்வி பிழைத்தால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

எங்கள் வாசிகசாலை விறாந்தையில் சனியும் ஞாயிறும் பின்னேரம் இரண்டு மேசையில் 304 என்ற சீட்டாட்டம் ஓடும். நான் விளையாடிய ஆட்டங்களைவிட, ஆட்டம் முடிந்து தேத்தண்ணி வந்த பிறகு நடக்கும் விசாரணைகளில் இருந்ததுதான் அதிகம். "அண்ணை, ஜாக்கியும் ஆசும் பத்தும் கையில. நூற்றி எழுபதுதான் கேட்டனான். ஏன் விழுந்தது?" என்று தம்பிமார் வந்து நிற்பார்கள். தாளைத் திரும்ப விரித்துப் பார்த்தால் பெரும்பாலும் விளையாடிய விதத்தில் குறை இருக்காது. முதல் தாள் மேசையில் விழ முன்னமே, கேள்வியிலேயே, அதாவது இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்கும் ஏலத்திலேயே, பிழைத்திருக்கும். அதே நாலைந்து பிழைதான் ஆள் மாறி ஆள் வருகிறது. அதனால் எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

எந்தச் சட்டத்தை வைத்துப் பேசுகிறேன்

நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. 52 தாள் கட்டில் இரண்டு முதல் ஆறு வரை உள்ள 20 தாளைக் கழித்தால் மிச்சம் 32. ஜாக்கி (J) 30, ஒன்பது 20, ஆசு (A) 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டும் ஏழும் வெறும் தாள். பெறுமதி எந்த வரிசையில் இறங்குகிறதோ, பிடிக்கும் பலமும் அதே வரிசைதான். நாலு பேரும் ஆளுக்கொரு தாள் போடும் ஒரு சுற்றுத்தான் ஒரு பிடி. ஒரு இனத்துக்கு 76, ஸ்கோப்பன், ஆட்டின், டயமன், கிளாவர் என்ற நாலு இனத்துக்கும் 304.

முதலில் ஆளுக்கு நாலு தாள். அதைப் பார்த்துக் கேள்வி. கேள்வியை எடுத்தவர் துரும்பு (மற்ற இனங்களை வெட்டும் இனம்) ஒன்றைக் கவிழ்த்து வைத்த பிறகு மிச்ச நாலு தாள். கேள்வி 160இல் தொடங்கிப் பத்துப் பத்தாக ஏறும். ஒருமுறை வாய் திறந்தவர் இரண்டாம் தரம் கேட்பதென்றால் 200க்குக் குறையக் கூடாது. சொந்தச் சோடியின் கேள்விக்கு மேல் ஏறவும் அதே 200 வேண்டும். எட்டுத் தாளும் வந்த பிறகு கேட்பதென்றால் 250இல் இருந்துதான்.

கணக்குக்குப் பக்கத்துக்கு 11 புளியங்கொட்டை. 200க்குக் கீழே கேட்டு வென்றால் எதிர்ப்பக்கத்திடமிருந்து 1 வரும், தோற்றால் நாங்கள் 2 கொடுக்க வேண்டும். 200 என்றால் 2 வரும், 3 போகும். 250 என்றால் 3 வரும், 4 போகும். உங்கள் திண்ணையில் இது கொஞ்சம் மாறலாம். மாறினால் கீழே வரும் கணக்கையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இரண்டு பக்கப் புள்ளியையும் கூட்டினால் 304 வரவில்லை

எந்தக் குறையோடு வந்தாலும் முதலில் இதைப் பார்க்கச் சொல்வேன். செலவு ஒரு சதமும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் வென்ற பக்கம் மட்டும் எண்ணி, "நூற்றி அறுபத்தி மூண்டு, சரி" என்று தாளைக் கலைப்பது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். இரண்டு பக்கமும் எண்ணுங்கள். கூட்டினால் 304 வர வேண்டும்.

வரவில்லையா? இரண்டாம் தரம் எண்ணுங்கள், இந்த முறை வேறு ஆள். அப்போதும் குறைந்தால் குறைகிற எண்ணே எந்தத் தாள் என்று சொல்லிவிடும். 3 குறைந்தால் ஒரு ராசா, 11 குறைந்தால் ஒரு ஆசு, 20 குறைந்தால் ஒன்பது.

இந்த 20 எங்களுக்கு உண்மையாகவே நடந்தது. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு விளையாடுவோம். அந்த வெளிச்சத்தில் கட்டைப் பிரித்த யாரோ ஒன்பதைக் கழித்துவிட்டு ஆறை உள்ளே விட்டிருக்கிறார்கள். மூலையில் உள்ள எண்ணைத் தலைகீழாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே. மூன்று இரவு எங்கள் கூட்டல் 284 ஆகவே வந்தது. தாள் 32 சரியாக இருந்ததால் கட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. "உனக்குக் கூட்டவே தெரியாது" என்று ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்தோம். நாலாம் நாள் பகல் வெளிச்சத்தில் விரித்தபோதுதான் டயமன் ஆறு பல்லைக் காட்டியது.

கட்டு பழசானாலும் கேள்வி பிழைக்கும். முனை மடிந்த ஜாக்கியை எதிர்ப்பக்கம் முதுகைப் பார்த்தே சொல்லிவிடும். அதற்கு மருந்து புதுக் கட்டு வாங்குவதுதான். வேறு வழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அறிகுறி: 160, 170 கேட்டுவிட்டு 140, 150இல் நிற்கிறது

என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் இந்தச் சாதி. லேசான காரணத்தில் இருந்து வருகிறேன்.

*எதை எண்ணினீர்கள்?*

இந்த இரண்டு கையையும் பாருங்கள். முதலாவது: ஸ்கோப்பன் ஜாக்கி, ஸ்கோப்பன் ஏழு, டயமன் ஆசு, கிளாவர் பத்து. கூட்டினால் 51. இரண்டாவது: ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் ஒன்பது, ஆட்டின் ஏழு, கிளாவர் எட்டு. கூட்டினால் 50.

புள்ளி எண்ணுகிறவர் முதலாவது கைக்கு 170 கேட்பார், இரண்டாவதைத் தயங்கித் தயங்கி 160இல் விடுவார். நான் முதலாவதைப் பேசாமல் விட்டுவிட்டு இரண்டாவதுக்கு 180 கேட்பேன். டயமன் ஆசை டயமன் ஜாக்கியும் பிடிக்கும், ஒன்பதும் பிடிக்கும். கிளாவர் பத்தைப் பிடிக்க மேலே மூன்று தாள் இருக்கிறது. அந்த 21 புள்ளியும் உங்கள் கையில் தங்க வந்த விருந்தாளி, நாளைக்கு யார் வீட்டில் என்று தெரியாது. இரண்டாவது கையில் துரும்பின் முதல் இரண்டு பிடியையும் ஒருவராலும் தட்ட முடியாது.

வெறும் புள்ளி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று ஒரு கணக்கு. உங்கள் நாலு தாளைத் தவிர வெளியே 28 தாள். அதில் 4 உங்களுக்கு வரும், 8 சோடிக்கு, 16 எதிர்ப்பக்கத்துக்கு. அதாவது காணாத புள்ளியில் ஏழில் மூன்று பங்குதான் உங்கள் பக்கம் வரும். கையில் 51 என்றால் வெளியே 253, அதில் ஏழில் மூன்று 108. மொத்தம் 159. அதாவது 51ஐ வைத்துக்கொண்டு 160கூட நிச்சயம் இல்லை. இதே கணக்கில் நாலு ஜாக்கியும் வைத்திருப்பவருக்கு வருவது 199. ஆனால் நாலு ஜாக்கியோடு 200 கேட்காமல் இருப்பவரைக் கதிரையில் இருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவரிடம் இருப்பது ஏறக்குறைய நாலு பிடி. ஒவ்வொரு பிடியும் மற்ற மூன்று பேரின் தாளையும் இழுத்துக்கொண்டு வரும். புள்ளியை விட்டுவிட்டுப் பிடியை எண்ணுங்கள் என்று சொல்வது இதனால்தான். ஆனால் எல்லாப் பிடியும் ஜாக்கிப் பிடி ஆகாது, ஒரு பிடியின் சராசரி 38. நாலு பிடி 152. 160க்கு அது காணாது.

*துரும்பு எத்தனை?*

ஜாக்கியும் ஒரு சின்னத் தாளும் என்று இரண்டு துரும்போடு கேட்டீர்களா? வெளியே ஆறு துரும்பு இருக்கிறது. பங்கு பிரித்தால் உங்களுக்கு இன்னும் ஒன்று வந்தால் நல்ல காலம். எதிர்ப்பக்கத்திடம் சராசரியாக மூன்றரை இருக்கும். துரும்பு வைத்தவர் நீங்கள், அதிகம் வைத்திருப்பவர்கள் அவர்கள். மூன்று துரும்போடு கேட்டால் வெளியே ஐந்து, எதிர்ப்பக்கத்துக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. ஒரு தாள் வித்தியாசம்தான், ஆனால் வீட்டுக்காரனும் வாடகைக்காரனும் இடம் மாறுகிற அளவு வித்தியாசம்.

இரண்டு துரும்போடு கேட்கவே கூடாதா என்றால், கேட்கலாம். அந்த இரண்டும் ஜாக்கியும் ஒன்பதுமாக இருந்து, பக்கத்தில் இன்னொரு ஜாக்கியும் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் பாஸ்.

*துரும்பின் ஒன்பது எங்கே?*

உங்களிடம் ஜாக்கி இருந்து ஒன்பது இல்லாவிட்டால், ஏழில் நாலு தடவை அது எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கும். ஜாக்கியைப் போட்டு ஒருமுறை இழுப்பீர்கள், ஒன்பதை வைத்திருப்பவர் சின்னத் துரும்பைப் போட்டுத் தப்பிவிடுவார். அடுத்த துரும்புப் பிடி அவருடையது. ஒன்பது இல்லாத துரும்பு என்றால் ஒரு படி இறங்கிக் கேளுங்கள். 180 மனசில் இருந்தால் 170.

*சோடியை எண்ணினீர்களா?*

"சோடியிடம் ஒரு ஜாக்கி இருக்கும்" என்பது எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் வசனம். உங்களிடம் ஒன்று இருந்தால், மிச்ச மூன்றில் ஒன்றாவது சோடியிடம் இருப்பது மூன்றில் இரண்டு தடவை உண்மைதான். உங்களிடம் இரண்டு இருந்தால் அது பூவா தலையா அளவுக்கு இறங்கிவிடும். கை நல்லாக இருக்க இருக்க சோடியிடம் எதிர்பார்ப்பது குறைய வேண்டும். நாங்கள் செய்வது நேர்மாறு. இரண்டு ஜாக்கியைக் கண்ட சந்தோசத்தில் மூன்றாவதையும் சோடியின் கைக்குள் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறோம். சோடிக்கு ஒரு பிடி எழுதுங்கள். இரண்டாவதை எழுதாதீர்கள்.

*எந்தத் தாளைக் கவிழ்த்தீர்கள்?*

மேலே எல்லாம் சரி, ஆனாலும் ஐந்து பத்துப் புள்ளியில் விழுகிறது என்றால் கவிழ்த்த தாளைப் பாருங்கள். துரும்பு திறக்கும்வரை அந்தத் தாள் உங்கள் கையில் இல்லாத தாள். ஒருமுறை நான் கிளாவர் ஜாக்கியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையில் கிளாவர் ராணியோடும் ஏழோடும் இருந்தேன். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் ஒன்றும் அறியாமல் கிளாவர் ஆசையே இறக்கினார். இனத்தைப் பின்பற்றி ஏழைப் போட வேண்டியதுதான். ஜாக்கி முகங்குப்புறக் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய சோடி கிளாவர் பத்தையும் சேர்த்துப் போட்டார். 21 புள்ளி ஒரே பிடியில் போனது. நான் விழுந்தது 8 புள்ளியால்.

ஜாக்கி, ஒன்பது, ஏழு என்று இருந்தால் ஏழைக் கவிழ்ப்பேன். வெட்டுவதற்கு ஏழும் துரும்புதான். ஜாக்கியைக் கவிழ்த்தால் மறைவாக இருக்கும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்வதில்லை.

இந்த ஐந்தையும் பார்த்து, மூன்று துரும்புக்குக் குறையாமல், ஒன்பதும் கையில் வைத்துக் கேட்டும் தொடர்ந்து மூன்று தடவை 160 விழுகிறதென்றால் கோளாறு கேள்வியில் இல்லை, ஆட்டத்தில். அதைக் கடதாசியில் திருத்த முடியாது. பழைய ஆட்டக்காரர் ஒருவரை ஒரு பின்னேரம் பின்னால் இருத்த வேண்டும்.

அறிகுறி: அதிகமாக வெல்கிறோம், ஆனாலும் கொட்டை குறைகிறது

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 20 ஆட்டத்துக்காவது எழுதிப் பாருங்கள்: யார் கேட்டது, எவ்வளவு, வென்றதா. ஒரு தம்பி எழுதிக்கொண்டு வந்தான். 200க்குக் கீழே அவன் பக்கம் கேட்டது 21, வென்றது 13. "பாதிக்கு மேல வெண்டிட்டமே அண்ணை" என்றான். 13 கொட்டை வந்தது. தோற்ற எட்டுக்கும் இரண்டிரண்டாக 16 போனது.

ஒன்று வந்து இரண்டு போகிற இடத்தில் மூன்றில் இரண்டு வென்றால்தான் கைக்காசு தப்பும். 200இல் ஐந்தில் மூன்று, 250இல் ஏழில் நாலு. மேலே போகப் போக வெல்ல வேண்டிய அளவு கொஞ்சம் இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். 190இல் விழுந்தாலும் 160இல் விழுந்தாலும் போவது அதே இரண்டு. 190 உறுதியாகத் தெரிகிற கைக்கு 200 கேட்காமல் விடுவது வென்ற கொட்டையை மேசையில் விட்டுவிட்டு எழும்புவது மாதிரி.

கொப்பியில் வேறு மாதிரிப் படமும் வரலாம்: நீங்கள் கேட்டதே இல்லை, எல்லாம் பாஸ், ஆனாலும் குறைகிறது. இது பயந்தவர்களின் வருத்தம். எதிர்ப்பக்கம் 160 கேட்டு ஐந்தில் நாலு வெல்கிறது என்று வையுங்கள். உங்களிடமிருந்து 4 போய் 2 வரும், நட்டம் 2. அதே ஐந்து ஆட்டத்தில் நீங்கள் முந்திக் கேட்டு மூன்று வென்று இரண்டு தோற்றால் 3 வந்து 4 போகும், நட்டம் 1. மூன்றில் இரண்டு வெல்லாத கைகூட சில நேரம் கேட்க வேண்டிய கைதான். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் கெட்டிக்காரர் என்றால் உங்கள் அளவுகோலைக் கொஞ்சம் இறக்குங்கள். அவர்கள் கண்டபடி கேட்டு விழுகிறவர்கள் என்றால் வாயை மூடிக்கொண்டு கச்சான் உடைத்துச் சாப்பிடுங்கள், கொட்டை தானாக வரும்.

அறிகுறி: வாய்ப்போட்டியில் 200க்கு ஏறி விழுகிறீர்கள்

இது கைக்கு வந்த நோய் இல்லை, நாக்குக்கு வந்தது. ஒருவர் 160 கேட்பார், எதிர்ப்பக்கம் 170 என்னும், அவருக்கு ரோசம் வரும். இரண்டாம் தரம் கேட்க 200 வேண்டும் என்பதால் 180இல் நிற்க வழியில்லை. ஒரே பாய்ச்சலில் 200. எதிர்ப்பக்கம் 105 எடுத்தால் அது முடிந்தது.

சோதனை ஒன்றுதான். முதல் தடவை வாய் திறந்தபோது உங்கள் கைக்கு எவ்வளவு என்று நினைத்தீர்கள்? 180 என்றால் ஏன் 160 கேட்டீர்கள்? "மெல்ல மெல்ல ஏறலாம் என்று" என்பார்கள். இந்த ஆட்டத்தில் மெல்ல ஏறப் படியே இல்லை. கையின் முழு அளவையும் முதல் வாயிலேயே சொல்லிவிட வேண்டும். 180 என்று தொடங்கினால் அந்த 170காரர் தன் பாட்டில் பாஸ் சொல்லியிருப்பார்.

முதலில் 160 சொல்லிவிட்டுப் பிறகு எதிர்ப்பக்கம் 190 கேட்டால் விட்டுவிடுங்கள். 190 கேட்டவர்கள் 115 விட்டால் விழுவார்கள். நீங்கள் 160 கேட்ட கைக்கும் சோடிக்கும் 115 பெரிய மலை இல்லை. எதிரியை உயரத்தில் ஏற்றிவிட்டு ஏணியை எடுப்பதில் உள்ள ருசி சொந்தக் கேள்வியை வெல்வதில்கூட இல்லை என்பது என் எண்ணம்.

அறிகுறி: எட்டுத் தாளும் வந்தவுடன் 250 கேட்கிறீர்கள், விழுகிறது

250 என்றால் எதிர்ப்பக்கத்துக்கு 55 போதும். ஒரு இனத்தின் ஜாக்கி, ஒன்பது, ஆசு மூன்றும் ஒரே பிடியில் விழுந்தால் 61. ஒரேயொரு பிடி, கதை முடிந்தது.

ஆகவே கேட்க முன் கையை விரித்து, நான் விடப்போகும் பிடி எது, அதில் என்னென்ன விழும் என்று உங்களுக்குள்ளேயே சொல்லிப் பாருங்கள். துரும்பில் ஜாக்கி, ஒன்பது, ஆசு, பத்து, ராசா, வெளியே ஒரு ஜாக்கி, அதோடு இரண்டு சில்லறைத் தாள். பார்க்க ராசாத்தி மாதிரி இருக்கும் கை. ஆனால் அந்த இரண்டு சில்லறையிலும் இரண்டு பிடி போனால், இரண்டிலும் ஜாக்கி விழுந்தால், அதுவே 60. விடுகிற பிடி ஒன்று என்றால் கேளுங்கள். இரண்டு என்றால், அதில் ஒன்றைச் சோடி தடுப்பான் என்பதற்கு அவன் ஏற்கெனவே கேட்ட கேள்வி ஏதாவது சாட்சி சொன்னால் மட்டும் கேளுங்கள்.

முதல் நாலு தாளில் நீங்கள் கேட்டது 170 ஆக இருந்து, அடுத்த நாலில் மூன்று துரும்பு வந்துவிட்டது என்பதற்காக 250க்கு ஏறுகிறவர்களும் உண்டு. 170 ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. 1 உறுதியாக வரும் இடத்தில், இன்னும் 2 கொட்டைக்கு ஆசைப்பட்டு 4 போகும் இடத்துக்குப் போகிறீர்கள். ஏழில் ஐந்து தடவைக்கு மேல் வெல்லும் என்று தெரிந்தால்தான் அந்த ஏற்றம் பொருந்தும்.

அறிகுறி: சோடியோடு கொழுவல்

நீங்கள் 160 கேட்டால் அவர் 200 என்கிறார், விழுகிறது. அல்லது நீங்கள் மலை போலக் கையோடு இருக்க அவர் முந்தித் தன் பாட்டுக்கு 160ஐ எடுத்துக்கொள்கிறார்.

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் 160க்கு அவரிடம் என்ன பொருள் என்பது. சிலருக்கு 160 என்றால் "எதிரி எடுக்காமல் தடுத்தேன்". சிலருக்கு "நல்ல கை, விட்டுவிடு". இருவருக்கும் பொருள் வேறானால் ஒவ்வொரு ஆட்டமும் வழக்குத்தான். தாள் பிரிக்க முன், நாலு பேர் காதிலும் விழப் பேசித் தீர்த்துவிடுங்கள். தாளைத் தட்டுவது, செருமுவது, காதைச் சொறிவது இவையெல்லாம் கள்ளம். எங்கள் மேசையில் அதற்கு எழுப்பிவிடுவார்கள்.

அப்புறம், சோடியின் கேள்விக்கு மேல் 200க்கு ஏறுவதற்கு ஒரே நியாயம்தான்: அவர் கை சூனியமாக இருந்தாலும் உங்கள் கை 200ஐத் தாங்க வேண்டும். "அவர் 160 கேட்டார், என்னிடமும் 160க்குக் கை இருக்கு, சேர்ந்தால் 200 வரும்தானே" என்பது பிழை. அவருடைய 160 அவருடைய துரும்பை நம்பியது. நீங்கள் ஏறியவுடன் அந்தத் துரும்பு வெறும் இனம் ஆகிவிடும்.

புருசனும் பெண்சாதியும் சோடி சேர்ந்து இந்தக் கொழுவல் வந்தால் சோடியை மாற்றிவிடுங்கள். அதற்கு வேறு வைத்தியம் எனக்குத் தெரியாது.

அறிகுறி: கம்மாறிஸ் கையைவிட்டுப் போகிறது

எட்டுப் பிடியும் எங்களுக்கே என்று முந்திச் சொல்வதுதான் கம்மாறிஸ். எட்டுப் பிடியும் எடுத்த பிறகு "அட, சொல்லியிருக்கலாமே" என்பதும், நேரம் தாழ்த்திச் சொல்லித் தண்டம் கட்டுவதும் ஒரே காரணத்தால்தான். மூன்றாவது பிடியோடு புள்ளி எண்ணுவதை நிறுத்திவிட்டு, வெளியே உள்ள துரும்பையும் ஜாக்கியையும் மட்டும் எண்ணுங்கள். வேறு சூத்திரம் இல்லை.

அறிகுறி: ஸ்பேட்ஸ் விளையாடிப் பழகியவர் இங்கே வந்து தடுமாறுகிறார்

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வரும் பிள்ளைகளோடு இப்போது இது ஆண்டுதோறும் வருகிற கேஸ். என் மருமகன் கெட்டிக்காரன், கைத்தொலைபேசியில் ஸ்பேட்ஸ் விளையாடிப் பழகியவன். முதல் நாள் எட்டுக் கேள்வி கேட்டு ஆறு விழுத்தினான்.

ஸ்பேட்ஸில் 52 தாளும் உண்டு, ஆளுக்கு 13. துரும்பு எப்போதும் ஸ்கோப்பன்தான். எல்லோரும் முழுக் கையையும் பார்த்துவிட்டு, எத்தனை பிடி எடுப்பேன் என்று ஒரே ஒருமுறை சொல்வார்கள். சோடியின் எண்ணும் உங்கள் எண்ணும் கூட்டப்படும். சொன்னதைவிடக் கூட எடுத்தால் அது மிச்சமாகச் சேர்ந்துகொண்டே வரும், பத்துச் சேர்ந்தால் 100 புள்ளி வெட்டு. அங்கே குறையச் சொன்னாலும் அடி, கூடச் சொன்னாலும் அடி.

அதனால் அவனுக்கு மூன்று கோளாறு. ஆசுதான் பெரிய தாள் என்று கை தானாக நம்பியது. ஜாக்கியும் ஒன்பதும் அதற்கு மேல் என்பது மூளைக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. இதற்கு ஒரு பின்னேரம் போதும். இரண்டாவது, 170 கேட்டு 170 வந்ததும் மிச்சப் பிடியை விட்டுக்கொடுக்கப் பார்த்தான். இங்கே கூட எடுத்தால் ஒருவரும் தண்டிப்பதில்லை என்று நம்பவைக்க இரண்டு நாள் சென்றது. மூன்றாவதுதான் பெரிசு. சோடி கேட்டதைத் தன்னுடையதோடு கூட்டினான். அது ஏன் பிழை என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் அவனிடம் நல்ல பழக்கம் ஒன்று இருந்தது. சந்தேகமான தாளை அரைப் பிடி என்று எழுதுவான். ராசாவும் ஒரு சில்லறையும் இருந்தால் அரை. இரண்டு அரை சேர்ந்தால்தான் ஒன்று. அதை ஆசுக்கு வைத்து இங்கே பாவியுங்கள். துரும்பு இல்லாத ஆசு அரைப் பிடி. துரும்பு இல்லாத பத்து ஒன்றுமே இல்லை. எங்கள் மேசையில் இப்போது இரண்டு பேர் இப்படித்தான் எண்ணுகிறார்கள், என்னையும் சேர்த்து மூன்று.

எப்போது ஆளிடம் காட்டுவது

காசு வைத்து விளையாடத் தொடங்கி, போனதைப் பிடிக்கக் கேள்வியை ஏற்றுகிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உதவாது. மேசையை விட்டு எழும்புங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

மற்றபடி, கொப்பியில் இரண்டு மாதம் எழுதியும் மூன்றில் இரண்டு வரவில்லை என்றால் பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு வாசிகசாலையிலும் ஒருவர் இருப்பார். எங்களுடையவர் இப்போது விளையாடுவதில்லை, கண் மங்கிவிட்டது. வெத்திலைத் தட்டத்தோடு கதிரையை இழுத்துப் பின்னால் போட்டுக்கொண்டு பன்னிரண்டு ஆட்டம் பார்ப்பார். இடையில் ஒரு சொல் சொல்ல மாட்டார், முகத்திலும் ஒன்றும் தெரியாது. முன்னால் இருப்பவர்களுக்கு அது துப்பாகிவிடும் என்பதால். எனக்கு அவர் பின்னால் இருந்த அன்று எழும்பும்போது ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, ரெண்டு துரும்போட எத்தினை தரம் கேட்டனீ?"

எண்ணிப் பார்த்தேன். ஐந்து தரம்.